அண்ணியின் இந்தி விளக்கு

என் கைப்பேசியில் ஒரு சின்ன அகல்விளக்கு இருக்கிறது. இந்தி கற்றுக்கொள்ள எங்கள் நிறுவனம் செய்த செயலிக்காக நான் வரைந்த படம். அன்றைய பாடத்தை முடித்தால் விளக்கு எரியும். ஒரு நாள் விட்டாலும் அணைந்துவிடும். அணைந்த விளக்கைப் பார்க்க நம்மவர்களுக்கு மனம் வராது, தினமும் படித்துவிடுவார்கள் என்பது என் கணக்கு. அதைத் தலைகீழாக்கியவர் என் அண்ணி.

அண்ணி மேனாம்பேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தார். தன் தையல் வரிசைக்கு லைன் சூப்பர்வைசர் ஆகவேண்டும் என்பது வெகுநாள் ஆசை. லைனில் பாதிப்பேர் வடக்கத்திப் பெண்கள். இந்தி பேசினால்தான் அந்த வேலை. செயலி வந்ததும் முதல் ஆளாய்ப் போனில் ஏற்றிக்கொண்டார். அவருடைய விளக்கு ஒரு நாள்கூட அணையவில்லை. ஆபீஸில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

நேர்காணலில் ஒரு வடக்கத்திப் பெண்ணை எதிரே உட்காரவைத்துப் பேசச் சொன்னார்களாம். அண்ணிக்கு நாக்கு எழவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று. அன்று மாலை அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"வெளக்கு நல்லாத்தான் எரியுது தம்பி, வாயிலதான் வரமாட்டேங்குது" என்றார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஓவர்டைம் நாட்களில், தலைவலி என்று படுத்த நாட்களில், பாடம் முடித்து விளக்கை ஏற்றியதெல்லாம் அண்ணன்.

"இன்னா அண்ணி இது?"

"ஊட்டு வெளக்க யாரு ஏத்துனா இன்னா? எரியணும், அவ்ளோதான?"

பக்கத்திலிருந்த அண்ணன் அழகான இந்தியில் ஆறுதல் சொன்னார். அண்ணி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அண்ணி கேட்டது நியாயம்தான். பொழுது சாய்ந்தால் வீட்டில் இருப்பவர் விளக்கேற்றுவதுதான் எங்கள் வழக்கம். படம் வரைந்த எனக்கே அது தோன்றவில்லை. பிறகு செயலியை மாற்றினோம். நாள் தவறினால் விளக்கு அணையாது, சுடர் கொஞ்சம் தாழும், மறுநாள் தூண்டிக்கொள்ளலாம். ஆனால் பாடத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் சுடர் ஏறும். அண்ணி மதியச் சாப்பாட்டு வேளையில் லைன் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். இவர் தப்பும் தவறுமாகச் சொல்வார், அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துத் திருத்துவார்கள். அடுத்த முறை சூப்பர்வைசர் வேலை அண்ணிக்கே கிடைத்தது.

போன வாரம் சாயங்காலம் போயிருந்தேன். சாமி விளக்கை அண்ணன் ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணியோ, காய்ச்சலில் படுத்திருந்த லைன் பெண் ஒருத்தியைப் போனில் இந்தியிலேயே அதட்டிக்கொண்டிருந்தார், கஞ்சி குடித்தாயா இல்லையா என்று. பேசி முடித்ததும், "நம்ம வெளக்க ஏத்தலியா அண்ணி?" என்று சீண்டினேன்.

"அதுக்கு எங்க தம்பி நேரம்? இவளுங்களாண்ட பேசவே பொழுது பத்தல."

போனை வாங்கிப் பார்த்தேன். சுடர் அடியோடு தாழ்ந்து கிடந்தது என் விளக்கு. அதைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது ஆபீஸில் தெரிந்தால் என் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள்.