சித்தியின் பதினோரு கம்ப்யூட்டர்கள்

சித்தி வாங்கிவந்த பழைய கம்ப்யூட்டர்களை அப்பா எண்ணிக்கொண்டே வந்தார். ஏழு ஆனபோது சிரித்தார். ஒன்பது ஆனபோது சிரிப்பதை நிறுத்திவிட்டார். பதினொன்றாவது வந்த வாரம் சித்திக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்தார்.

சித்தி அம்மாவின் தங்கை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஐ.டி. கம்பெனியில் வேலை. கள்ளிக்குப்பத்தில் எங்களோடுதான் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. நான் அப்போது நான்காம் வகுப்பு. அறையின் ஒரு சுவர் முழுக்க இரும்பு அலமாரி. அதில் நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் வந்த கம்ப்யூட்டர்கள். பார்க்கத் தடித்த கீபோர்டு மாதிரி இருக்கும், ஆனால் எல்லாமே அதற்குள்தான். டிவியில் ஒயரைச் செருகி, பாட்டுக் கேட்கும் டேப் ரிக்கார்டரை இணைத்து கேசட்டை ஓடவிட்டால், ஐந்து நிமிஷம் கிரீச்சென்று கத்தித் தீர்த்துவிட்டு ஒரு விளையாட்டு வரும். அந்தக் கத்தலுக்காகவே அம்மா எங்கள் அறைக் கதவை வெளியிலிருந்து சாத்துவாள்.

வாங்கப் போகும்போது சித்தி என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்வாள். பார்க்கும் வேலையில் பாதி என்னுடையது. முதலில் அடியில் உள்ள ஸ்க்ரூக்களில் டார்ச் அடிக்க வேண்டும். தலையில் கீறல் இருந்தால் யாரோ திறந்து நோண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு உள்ளே ஏதாவது கழன்று ஆடுகிறதா என்று காதருகே வைத்து மெல்லக் குலுக்க வேண்டும். காற்றுப் போகும் துளைகளில் கருகிய வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தால் விலை பாதி. ஒரு பட்டன் குறைந்தால் அதிலும் பாதி. அட்டைப்பெட்டியும் புத்தகமும் கூட இருந்தால் மட்டும் சித்தி பேச்சை நிறுத்திவிடுவாள்.

அப்படித்தான் அந்தப் பதினொன்றாவது, கரையான்சாவடியில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. மின்விசிறி இறக்கைகளுக்கு நடுவில், பெட்டியோடு. பெட்டிக்குள் தெர்மோகோல்கூட உடையவில்லை. நான் டார்ச் அடித்தேன். ஸ்க்ரூக்கள் நகைக்கடையில் வைத்ததுபோல் மின்னின. நான் சித்தியைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே ஒரு மிக்ஸி ஜாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர், "இன்னாம்மா, அத்தயே பாத்துகினு கீது கொயந்த? டைப் அடிக்கிற மிசினு. ஃபாரின் சாமான். நானூறு குட்த்துட்டு எட்த்துகினு போ" என்றார்.

"முந்நூறு."

"செரி, கொயந்த மொகத்துக்காக எட்த்துக்கோ."

சித்தி ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணவே மறந்து தெருமுனைவரை உருட்டிக்கொண்டு போனாள். ஜூஸ் கடையில் நிறுத்தி எனக்குச் சாத்துக்குடி வாங்கிக் கொடுத்துவிட்டு, காதோடு சொன்னாள்: "வெளிநாட்டு ஏலத்துல இதே மாதிரி ஒண்ணு ஒன்றரை லட்சத்துக்குப் போச்சுடி. வீட்ல மூச்சு விடாத." தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். வீட்டைப் பொறுத்தவரை எல்லாமே முந்நூறு ரூபாய்தான்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகப்பேரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. அலமாரியின் மேல் அம்மா ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தாள். கை கழுவ எழுந்த மாப்பிள்ளையின் அம்மா வழி தவறியதுபோல் எங்கள் அறைக்குள் போய் விரிப்பைத் தூக்கிவிட்டார். பின்னாலேயே எல்லோரும் வந்துவிட்டோம்.

"என்னங்க இது, இவ்ளோ பழைய சாமான்?"

அப்பா அவசரமாகச் சிரித்தார். "சும்மா ஒரு பொழுதுபோக்குங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எடைக்குப் போட்டுடுவோம்."

"எங்க ஃப்ளாட்டும் சின்னதுதான்" என்றார் மாப்பிள்ளை. அவர் மோசமானவர் இல்லை. எனக்கு சாக்லேட் வாங்கி வந்திருந்தார்.

நான் சித்தியைப் பார்த்தேன். கேசரித் தட்டோடு அறை வாசலில் நின்றிருந்தாள். இப்போது ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திப் பேசத் தெரிந்த சித்தி, ஆபீஸ் போனில் யாரையாவது திட்டினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் சித்தி, பட்டுப்புடவையில் அப்படி நின்றது எனக்குத் தாங்கவில்லை. சத்தியத்தை நினைத்தேன். எடைக்குப் போடுவதையும் நினைத்தேன்.

"அதெல்லாம் எடைக்குப் போடற சாமான் இல்ல" என்றேன். பதினொன்றாவதின் பெட்டியை இறக்கி, தரையில் வைத்துத் திறந்து, மாப்பிள்ளையின் அப்பாவிடம் டார்ச்சை நீட்டினேன். "ஸ்க்ரூவைப் பாருங்க. ஒரு கீறல் இருக்கா? யாரும் திறக்கவே இல்ல. மஞ்சளும் அடிக்கல. இது ஒண்ணு மட்டும் ஒன்றரை லட்சம்."

அம்மா சித்தியைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"மத்த பத்தும் பாப்பா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். பட்டன் போனதற்குக் கழித்து, புத்தகம் இருப்பதற்குக் கூட்டி, சித்தி சொல்லும் அதே தோரணையில். நான் முடித்ததும் அந்த அம்மா, தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல் விரிப்பை இழுத்துவிட்டார். ஹாலுக்கு வந்ததும் சித்தியைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அதுவரை யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"பூச்சி கீச்சி வராதில்ல?" என்று சித்தியிடம் கேட்டார்.

"ஹால்ல கண்ணாடி ஷோகேஸ் செஞ்சுட்டா இடம் சரியா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை, கையாலேயே அளவு காட்டி.

எனக்குப் பெருமை பொறுக்கவில்லை. ஒரே பேச்சில் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டேன்!

அன்று சாயங்காலமே போன் வந்தது. அவர்களுக்குப் பூரண சம்மதம். நகை நம் இஷ்டமாம், கம்ப்யூட்டர்கள் மட்டும் பெண்ணோடு வந்துவிட வேண்டுமாம். அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

சித்தி ஜடையைப் பிரித்துக்கொண்டே ஹாலுக்கு வந்தாள். "எனக்கு வேண்டாம் மாமா."

அப்பா என்னை இறக்கிவிட்டார். "ஏம்மா, பையன்கிட்ட என்ன குறை?"

"பையன்கிட்ட ஒரு குறையும் இல்ல. வேண்டாம்."

அம்மா கெஞ்சிப் பார்த்தாள், பிறகு ஒன்றரை லட்சத்தை இழுத்துத் திட்டிப் பார்த்தாள். சித்தி அசையவில்லை. சத்தியத்தை மீறியதற்குத்தான் தண்டனை என்று நினைத்து, அழுகையை அடக்கிக்கொண்டு அறைக்குப் போனேன். "நான் சொன்னதுனாலதான சித்தி?"

"ஆமா" என்றாள் சித்தி. பிறகு என் மூக்கைப் பிடித்துத் திருகி, வயிறு குலுங்கச் சிரித்தாள். பட்டுப்புடவையை மாற்றாமலே கேசட்டைச் செருகினாள். அது கத்தி முடிப்பதற்குள் எங்களுக்குப் பசியே வந்துவிட்டது. அடுக்களையிலிருந்து மிச்சக் கேசரியை எடுத்துவந்து இரண்டு பேரும் தின்றபடி விளையாடினோம். நானே ஜெயித்தேன்.

ஆனால் படுத்த பிறகும் எனக்குக் கணக்கு இடித்தது. ஒன்றைக்கூட விடாமல் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கண்ணாடி போட்ட ஷோகேஸ் என்றார்கள். இதற்கு மேல் சித்திக்கு என்னதான் வேண்டும்?