நினைவு தப்பியவர்கள் வார்டில் காலைப் பெரட்டு

நினைவு தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், நேற்றுப் பட்ட பாட்டை இன்று சொல்லிச் சண்டை போடக்கூட முடியாது. அவர்கள் மறந்திருப்பார்கள், நமக்குத்தான் இடுப்பு வலிக்கும். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு வாசல் கதவையே பார்த்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாழ்ப்பாள் போட்டோமா என்று ஐந்து தடவை எழுந்து பார்க்கிற கூட்டம் நாம்.

வெந்நீர் அடுப்பு

குமுளிக்குப் பக்கத்தில், முதியோர் இல்லமாக மாற்றிய பழைய தோட்டத்துப் பங்களா. பின்பக்க வார்டில் பதினொரு பெண்கள், ஆயா நான் ஒருத்தி. ஐந்து மணிக்கே எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஏழு மணிக்குக் காபி வரும்வரை ஒரு கையைக் கட்டிலோடு கட்டிப்போட வேண்டும் என்பது அங்கே சட்டம். வெள்ளத்தாய் பெரியம்மா வாழ்நாளெல்லாம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவள். அவள் மணிக்கட்டில் கயிறு அறுத்துப் புண்ணாகி ஈ மொய்த்தது. மருந்து போட்ட கையோடு பதினொரு கயிற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். 

மேட்ரன் சேச்சி அடுப்படிக்கே வந்து, மலையாளம் கலந்த தமிழில் மிரட்டினார். "வெள்ளத்தாய் வாசல் கேட்டு தாண்டினா அவளெ பைத்தியாசுபத்திரிக்கு அனுப்பும். பின்னாலே நீயும் போகணும், கேட்டோ!"

பெரட்டு

மறுநாளே பெரியம்மா கொழுந்து கிள்ளப் போகிறவளாகச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டைப் பிடித்து உலுக்கினாள். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எழுதுவதைப் பெரட்டு என்பார்கள். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. அந்தப் பயம்தான் அவளை இழுக்கிறது என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்த எனக்கே, அவளைத் தடுக்கப் போய் இரண்டு அடி வாங்கிய பிறகுதான் உறைத்தது.

ஒரு பழைய நோட்டை எடுத்து வராந்தாவில் நின்று, "பெரட்டு!" என்று கத்தினேன். கேட்டை விட்டுவிட்டு ஓடி வந்தாள். மற்றவர்களும் வந்து வரிசையில் நின்றார்கள். பேர் எழுதி, ஆளுக்கு ஒரு பிடி முருங்கைக்கீரை உருவக் கொடுத்தேன். உட்கார்ந்த பிறகு பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏட்டி, சும்மா நிக்கே? ஒம் பேரப் போட்டாச்சா?"

ஞாயிற்றுக்கிழமை

மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, வழக்கம்போல் கூப்பிட்டேன். ஒருத்தியும் அசையவில்லை. மகன் பேர் தெரியாது, சாப்பிட்டது தெரியாது, ஆனால் அந்த மணி எதற்கென்று தெரிந்திருக்கிறது. அது எமர்ஜென்சி சமயம். வெளியே பெரிய பெரிய ஆட்களே வாயைத் திறக்காத காலம். பெரியம்மா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேட்ரன் அறைவரை கேட்கும்படி சொன்னாள்: "ஞாயித்துக்கெழம பெரட்டு வச்சா யூனியன்ல சொல்லிப்புடுவேன், ஆமா!"

மகன்

அவள் மகன் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்ப்பவர். வந்தவர் கீரையைப் பார்த்ததும் கொதித்துப்போனார். "எங்கம்மாவ இங்கயும் வேல வாங்குதீயளா?" கேள்விப்பட்டதுமே இல்லத்துக் கமிட்டிக்குக் கடுதாசி போட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றார்.  நான், "கட்டிப்போட்டால் உங்களுக்குச் சம்மதமா? அந்தக் கையைப் பாருங்கள்" என்றேன்.

பார்த்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவினார். அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா கேட்டாள்: "நல்லா உருவுதீயே தம்பி. ஒங்கம்மா பழக்குனதா?"

கமிட்டி ஐயா

கடுதாசி வேலை செய்தது. ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கமிட்டித் தலைவர் ஜீப்பில் வந்து இறங்கி நேரே வராந்தாவுக்கு வந்தார். பெரியம்மா அவரை மறித்தாள். "பிந்தி வந்துட்டு முன்னால நிக்கீய? கடேசில போங்க!" மேட்ரன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மனிதர் என்ன நினைத்தாரோ, போய்க் கடைசியில் நின்றார். நானும் விடாமல் அவர் பேரைக் கேட்டு எழுதினேன்.

பதினொரு பேரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தவர், கயிறு எங்கே என்றார். "எரித்துவிட்டேன் ஐயா. புதிதாக வாங்கித் தந்தாலும் கட்ட மாட்டேன். கட்டுவதற்கு வேறே ஆள் பாருங்கள்" என்றேன்.  அவர் பெரியம்மாவின் மணிக்கட்டில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும். அடுத்த கமிட்டியில் பேசிக்கலாம்."

அதற்குப் பிறகு எத்தனையோ கமிட்டி கூடி டீ குடித்துக் கலைந்துவிட்டது, எங்கள் விஷயத்தை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவர்களாக ஞாபகம் வந்து கேட்கும்வரை நான் நினைவுபடுத்துவதாக இல்லை.