தப்புக்கு ஓர் ஆள், சரிக்கு ஓர் ஆள்

பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கலாம். எண்ணூர் சாலை கண்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் முடித்து, வியர்வையோடு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருகிற பெரிய மனுஷர்களை யார் அதட்டுவது? பிராட்பேண்ட் வந்த புதிது. பாதுகாப்புப் பாடங்களை வீடியோவாக எடுத்து இணையத்தில் ஏற்றுவதுதான் என் வேலை. முதல் பாடத்தில் டை கட்டிய ஒருவரைப் பேச வைத்தேன். பாதிப் பேர் குறட்டை விட்டார்கள்.

சரி, சிரிக்க வைப்போம் என்று அடுத்த பாடத்தை மாற்றினேன். முதலில் தப்பான முறை, பிறகு சரியான முறை. தப்பாகச் செய்து காட்ட, பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் மூத்த ஓட்டுநரையே கேட்டேன். காசிமேட்டுக்காரர், அவர் வண்டியால் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. சரியான முறையைச் சொல்ல, அடையாறு பக்கத்திலிருந்து நல்ல தமிழ் பேசும் ஒரு நாடக நடிகர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பக்கத்தில் நின்று விளக்குவார்.

ஓட்டுநர் அண்ணன் பிய்த்து உதறிவிட்டார். ஆளை ஃபோர்க் மேலே நிற்க வைத்துத் தூக்கிக்கொண்டே, "இன்னா பெர்சா ஆய்டப் போவுது!" என்பார். அடுத்த காட்சியில் தலையில் கட்டுடன் முழிப்பார். சனங்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். மேலதிகாரிகள் எனக்குக் கை கொடுத்தார்கள்.

நானும் ராயபுரத்தில் பிறந்தவள்தான். என் அம்மா என்னைத் திட்டுவதும் கொஞ்சுவதும் அந்த பாஷையில்தான். ஆபீஸ் வாசலில் அதைச் செருப்போடு கழற்றிவிட்டு, உள்ளே போய் முட்டாளுக்கு அதையும் புத்திசாலிக்கு நல்ல தமிழையும் எழுதிக் கொடுத்தேன். வேறு யாராவது செய்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று அண்ணனின் மரியாதையை எடுத்து என் பாடத்துக்குத் தாராளமாக ஊற்றினேன்.

கேன்டீனில் அவர் நுழைந்தாலே யாராவது அந்த வசனத்தைச் சொல்வார்கள். அவரும் சிரித்து வைப்பார். அந்தச் சமயம் பார்த்து ஷெட்டுக்கு சூப்பர்வைசர் எடுக்கப் போவதாகப் பேச்சு வந்தது. ஒரு மதியம் அண்ணன் எடிட்டிங் அறைக்கு வந்து, கதவருகிலேயே நின்றார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனிக்க மாட்டியேம்மா?"

"கேளுங்கண்ணா."

"ஒரு தபா நானு சரியா ஓட்ற மாரி எடேன். மேனேஜரு என்னப் பாத்தாலே சிரிச்சிகினு கீறாரு. நான் வேல தெரிஞ்சவன்னு அவரு கண்ணால பாக்கணும்மா. இந்த தபா வுட்டா ரிட்டேருமென்ட்டு வரிக்கும் வண்டிதான்."

எடுத்தேன், மனசார எடுத்தேன். முட்டைக் கூடையைத் தூக்குவது போல அத்தனை பெரிய மரப்பெட்டியைத் தூக்கி, ஒரு குலுக்கல் இல்லாமல் அடுக்கில் வைத்தார். செய்வதை அவர் வாயாலேயே சொன்னார், அவர் பாஷையிலேயே.

ஹாலில் போட்டுக் காட்டினோம். திரையில் அவர் முகம் தெரிந்ததும் கொல்லென்று சிரித்தார்கள். பெட்டி எப்போது விழும் என்று காத்திருந்தார்கள். அது ஒழுங்காக உட்கார்ந்தபோது அதற்கும் சிரித்தார்கள். ஐயோ, நான் பழக்கிய சிரிப்பு அது! அண்ணன் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஆளை வைத்தால் பாடம் ஏறாது. அந்த நடிகரையே போடுங்கள்" என்றார் மேனேஜர். தலையாட்டிவிட்டு வந்தேன். நடிகருக்கோ ஓட்டத் தெரியாது. அதனால் வண்டியும் கைகளும் தெரியும் காட்சிகளை வைத்துக்கொண்டு, அண்ணனின் முகத்தை வெட்டினேன். குரலை எடுத்துவிட்டு நடிகரின் குரலை ஏற்றினேன். தப்பான முறைப் பாடங்களில் முகம் அப்படியே இருந்தது. சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போனது.

புதிய பாடம் ஏறிய அன்று அவர் எடிட்டிங் அறைக்கு வந்து, நின்றபடியே முழுக்கப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"கை ஷோக்கா வந்துகீதும்மா" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போனார்.