யாரைக் கேட்டு?

காந்தத் துண்டு ஒன்றை நூலில் கட்டி, தையல் மெஷினுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகிறாள் அக்கா. காலையில் ஒருமுறை, கடை சாத்துமுன் ஒருமுறை. எப்போதோ விழுந்த குண்டூசியும் முறிந்த ஊசிமுனையும் கொக்கியும் காந்தத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பின்னாலேயே ஒரு நாய்க்குட்டி. காதோரம் முடி கொட்டி, வயிறு மட்டும் உருண்டையாக, காந்தத்தைக் கவ்விவிடும் வெறியோடு பாய்கிறது. “ஏய், ஊசியை முழுங்கிட்டு என்கிட்ட வந்து நிக்காதே. உன்னைக் கூட்டிட்டு வந்தவர்கிட்டப் போய் நில்லு” என்கிறாள். கூட்டிவந்தவர் பக்கத்து அறையில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். பேச்சு குட்டிக்கு, சூடு அவருக்கு.

அவர் அவளுடைய தம்பி, டவுன் பஸ் டிரைவர். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, தம்பிக்கு ஐம்பது. இருவருக்கும் கல்யாணம் என்று ஒன்று கூடி வரவில்லை. அப்பா அம்மா விட்டுப்போன மாடி வீட்டில் இருக்கிறார்கள். முன்னறை அவளுடைய கடை. புதுத்துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும். பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது. வருகிறவர்கள் அவளைக் ‘கத்தரி அக்கா’ என்கிறார்கள். கையில் இருக்கும் கத்தரிக்காக வைத்த பெயர் இல்லை அது. முப்பத்தாறு அங்குலம் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு மனிதரிடம், “நீங்க சொல்ல வேண்டாம், டேப் சொல்லட்டும்” என்று சொல்லி, நாற்பத்தொன்று என்று கடை முழுக்கக் கேட்கும்படி படித்தவள். அந்த மனிதர் இன்னும் அவளிடம்தான் வருகிறார். அவள் மடித்துத் தைத்த கால் பிரிந்ததாக யாரும் சொன்னதில்லை.

கோபம் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் தம்பி மேல் இருப்பது சும்மா மூக்கு நுனியில் வந்து போகிற கோபம் இல்லை. அதற்கு ஒரு தேதி இருக்கிறது.

அந்த வீட்டில் பதினான்கு வருஷம் ஒரு நாய் இருந்தது. வாசலில் படுத்து, வருகிறவர்களை ஒரு கண்ணால் பார்த்து, வேண்டியவர் என்றால் மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். அந்தத் தோரணைக்காகவே அதற்குப் ‘பெரியவர்’ என்று பெயர். கடைசி வருஷம் பெரியவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வெட்டு மிச்சத் துணிகளை ஒன்றோடொன்று தைத்து அதற்கு ஒரு படுக்கை செய்து மெஷினுக்குப் பக்கத்தில் போட்டிருந்தாள். ஒரு காலால் பெடலை மிதித்தபடி இன்னொரு காலால் அதன் முதுகைத் தடவிக்கொடுப்பாள். சித்தி மகள் பிரசவத்துக்குத் துணையாக நான்கு நாள் போக வேண்டி வந்தது. போனாள்.

திரும்பி வந்தபோது அந்தப் படுக்கை துவைத்து, பால்கனிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நாய் இல்லை. நிலைமை மோசமாகி, அதற்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா சொல்லி, தம்பி கையெழுத்துப் போட்டு, ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். புதைத்தும் ஆயிற்று. பெட்டியைக் கீழே வைக்காமலே அக்கா கேட்டாள்: “யாரைக் கேட்டு?”

“நீ தாங்க மாட்டேன்னுதான்...” என்றான் தம்பி.

அதோடு சரி. எட்டு மாதம் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்தாள், அவன் சட்டையில் பொத்தான் தைத்தாள், காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. தட்டை மேசையில் வைக்கும் சத்தத்தில் அன்றைய கோபத்தின் அளவு தெரியும். காஸ் தீர்ந்தால் துண்டுச் சீட்டு, தண்ணீர் வராவிட்டால் துண்டுச் சீட்டு. தம்பியும் முதல் மாதம் கெஞ்சிப் பார்த்தான், பிறகு அவனும் சீட்டு எழுதக் கற்றுக்கொண்டான்.

இந்த நிலையில்தான் ஒருநாள் சட்டைக்குள் எதையோ வைத்துக்கொண்டு வந்தான். டிப்போவில் பழைய டயர்களுக்கு நடுவே அட்டைப்பெட்டியில் யாரோ விட்டுப்போன குட்டி. யாரையும் கேட்காமல்தான் இதையும் செய்தான். அவனைத் திட்ட அவளுக்கு வாய் துடித்தது, பேச முடியாது. குட்டியைப் பார்த்துக் குனிந்தாள். “ஏய், உன்னைக் கொண்டுவந்தவர்கிட்டச் சொல்லு. ஒண்ணு போனா இன்னொண்ணு வாங்கி வைக்கிறதுக்கு இது பல்பு இல்லைன்னு சொல்லு.” தம்பி தரையைப் பார்த்தபடி, “சரின்னு சொல்லு” என்றான், அவனும் குட்டியிடமே. குட்டி இருவருக்கும் வாலை ஆட்டியது. அந்த வீட்டில் அக்கா குரலும் தம்பி குரலும் சேர்ந்து கேட்டது எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான்.

“இந்த நாயை நான் விரலால்கூடத் தொட மாட்டேன்” என்று கடைக்கு வந்த எல்லோரிடமும் அறிவித்தாள். சொன்ன மூன்றாம் நாள் குண்டூசி டப்பாவை மேல் பரணில் தூக்கி வைத்தாள். இனி மடிப்பைப் பிடிக்க நூலோட்டம்தான், குண்டூசி குத்தினால் துணியில் ஓட்டை விழுகிறது என்றாள். முப்பது வருஷமாக விழாத ஓட்டை இப்போது எப்படி விழுகிறது என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. காந்தம் வாங்கிவந்ததும் அந்த வாரத்தில்தான்.

குட்டிக்குச் சொறி இருந்தது. தம்பி விடுமுறை நாளில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ஒரு பாட்டிலும் ஊசியில்லாத சிரிஞ்சும் வாங்கிவந்தான். தினம் ஒருமுறை, கால் மில்லி, வாயில். பாட்டிலைச் சமையலறை அலமாரித் தட்டில் வைத்தான். அக்கா விரலால்கூடத் தொட மாட்டாள் என்பதால், விடியற்காலை வேலைக்குக் கிளம்புமுன் அவனே குட்டியை எழுப்பி மருந்தை விட்டு, சிரிஞ்சைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். எதையும் கழுவித் துடைத்து வைப்பது அவனுடைய வழக்கம்.

அவன் போன பிறகு எழுந்த அக்கா, காய்ந்து கிடந்த சிரிஞ்சைப் பார்த்தாள். தம்பி அதைத் தொடவே இல்லை என்று முடிவு கட்டினாள். ராத்திரியே கட்டிவைத்த சாப்பாட்டு டப்பாவையே மறந்துவிட்டுப் போகிற ஆள், நாய்க்கு மருந்தா கொடுக்கப்போகிறான்? பல்லைக் கடித்துக்கொண்டு குட்டியை மடியில் போட்டு, கால் மில்லி விட்டாள். விட்ட பிறகு, தான் தொட்டது அவனுக்குத் தெரியக் கூடாதே என்று அவளும் சிரிஞ்சைக் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்தாள். இப்படி ஆறு நாள். பாட்டிலில் மருந்து வேகமாகக் குறைவதை இருவருமே பார்த்தார்கள். “மூடியைக்கூட ஒழுங்கா மூடத் தெரியலைன்னு சொல்லு” என்றாள் குட்டியிடம். தம்பி எழுந்துபோய் மூடியை இறுக்கினான்.

ஏழாம் நாள் மத்தியானம் குட்டி நேராக நடந்துபோய் மெஷின் காலில் முட்டியது. திரும்பி நடந்து சுவரில் முட்டியது. எச்சில் ஒழுக, பின்னங்கால்கள் மடங்கி, தரையில் சரிந்து நடுங்கத் தொடங்கியது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பேண்ட்டிலேயே, பாதி தைத்த காலோடு, குட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள். கடையைப் பூட்டவில்லை.

எட்டு மாதமாகக் காலடி வைக்க மாட்டேன் என்றிருந்த அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். டாக்டரம்மா குட்டியின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். மருந்து எவ்வளவு, எப்போது என்று கேட்டாள். கால் மில்லி, காலை எட்டு மணிக்கு, நான்தான் கொடுக்கிறேன் என்றாள் அக்கா. டாக்டரம்மா நிமிர்ந்தாள். அஞ்சு மணிக்கே கொடுத்துவிடுவதாக நேற்றுத்தானே உங்கள் தம்பி போனில் சொன்னார் என்றாள்.

அக்காவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். கழுவி வைத்த சிரிஞ்ச் மேல், கழுவியவன் மேல், தன் மேல்.

தம்பி பஸ்ஸை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சீருடையோடு வந்து சேர்ந்தான். டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?” இருவரும் குட்டியைப் பார்த்தார்கள். அதுதான் வழக்கம். குட்டிக்கு அன்று யார் பேச்சும் கேட்கவில்லை.

இந்த மருந்துக்கு முறிவு மருந்து கிடையாது, டிரிப் போட்டுக் காத்திருக்க வேண்டும், மூச்சு நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு என்று டாக்டரம்மா விளக்கினாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்தாள். நிலைமை கைமீறினால் கடைசிவரை முயற்சி செய்வதா, ஊசி போட்டு வேதனையை முடிப்பதா. இரண்டு கட்டம், ஒன்றில் டிக் செய்து கையெழுத்து வேண்டும். பழைய பழக்கத்தில் அதைத் தம்பியிடம் நீட்டினாள்.

தம்பி பேனாவை வாங்கினான். கட்டங்களைப் பார்த்தான். பேனாவை அக்காவுக்கு முன்னால் மேசையில் வைத்தான்.

“அக்கா, நீ சொல்லு. என்ன எழுதட்டும்?”

“இப்ப மட்டும் கேக்கத் தெரியுதா?” என்றாள் அக்கா. வெளியே பூனைக் கூடையோடு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அன்னிக்கு என் நம்பர் உன்கிட்ட இல்லையா? ஒரு போன். நாலு நாள் தாங்காதுன்னு ஒரு வார்த்தை. சித்தி மகளோட பச்சைப் பிள்ளையை அவ மாமியார் கையில குடுத்துட்டு ஓடி வந்திருப்பேன். அது தலையை மடியில வெச்சுட்டு உக்காந்திருப்பேன். தாங்க மாட்டேன்னு நீயா முடிவு பண்ணிட்டியே, தாங்கிக்கிறதும் தாங்காததும் என் பாடு இல்லையா? அழுதிருப்பேன். அழுதா என்ன, செத்தா போயிடுவேன்?”

“தப்புதான்” என்றான் தம்பி. மேசையிடம் சொல்லவில்லை, நாயிடம் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னான்.

அவள் பேனாவை எடுத்தாள். சாக்கட்டியால் கோடு போடாமலே நேராக வெட்டுகிற கை அது. அன்று நகரவில்லை. பெரியவருக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்று எட்டு மாதமாக அவளுக்கு விடை தெரிந்திருந்தது. பேனாவைப் பிடித்ததும் தெரியவில்லை. குட்டியின் கால் பேண்ட்டுக்குள் துடித்துக்கொண்டிருந்தது. தெரியவில்லையே என்பதும் அவளுக்குக் கோபமாகத்தான் வந்தது.

இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, படிவத்தின் குறுக்கே பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘எங்கள் இருவரையும் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.’ கீழே கையெழுத்துப் போட்டாள். காகிதத்தைத் தம்பி பக்கம் தள்ளினாள், அவனும் போட்டான். படிவத்தில் அப்படி எழுத இடமில்லை என்றாள் டாக்டரம்மா. “இடம் பத்தலைன்னா ஒட்டுப் போட்டுக்கோங்க” என்றாள் அக்கா.

மூன்று நாள் குட்டி அங்கே கிடந்தது. பகலில் அக்காவும் வேலை முடிந்து தம்பியும் போய், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இரண்டாம் நாள் குட்டி கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தது. மூன்றாம் நாள், டிரிப் குழாயை இழுத்துக் கடிக்கிறது, தயவுசெய்து கூட்டிப்போங்கள் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டாள். இதற்கிடையில் பேண்ட்டைத் தேடி வந்த மனிதரிடம், “உங்க பேண்ட் ஆஸ்பத்திரியில இருக்கு” என்றாள் அக்கா, அவர்தான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி. அவருக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தாள். பழையதில் பஞ்சடைத்துக் குட்டிக்குப் படுக்கை தைத்தாயிற்று. பெரியவரின் படுக்கை மட்டும் அலமாரியில் மடித்தபடியே இருக்கிறது. அதை யாரும் தொடக் கூடாது.

அக்கா தம்பியிடம் இப்போது பேசுகிறாளா என்றால், இல்லை. ஆஸ்பத்திரியில் பேசியது ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்பதுபோல் வீட்டுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். தட்டு இன்னும் மேசையில் அதே சத்தத்தோடுதான் இறங்குகிறது. “சாயங்காலம் வரும்போது பால் வாங்கிட்டு வரணும்னு சொல்லு” என்கிறாள் குட்டியிடம். “சரின்னு சொல்லு” என்கிறான் தம்பி. மன்னித்துவிட்டீர்களா என்று தெரியாத்தனமாகக் கேட்ட ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்கு ஒரு வாரம் கழித்துத்தான் பொத்தான் வந்தது.

சொறிக்கு வேறு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதுவும் தினம் ஒருமுறைதான். விடியற்காலை, தம்பி சீருடை மாட்டிக்கொண்டு சமையலறைக்கு வரும்போது அக்கா அங்கே நிற்கிறாள். எட்டு மணிக்கு எழுந்துகொண்டிருந்தவள், இப்போது அவனுக்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறாள். இடது கையில் குட்டி. வலது கையால் சிரிஞ்சில் மருந்தை இழுத்து, கோட்டில் நிறுத்துகிறாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அதை அவன் கண்ணுக்கு நேராக நீட்டுகிறாள். அவன் குனிந்து அளவைப் பார்த்து, சரி என்று தலையசைக்கும்வரை குட்டியின் வாயைத் திறப்பதில்லை.