கழுவின கை

அம்மாளின் அடியவர்களே, பாதி வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

கணவர் இறந்தபின் நாலு வயது மகளை மாமியிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனேன். ஏழு வருடம். படுக்கையில் கிடந்த ஓர் அரபுக் கிழவியைக் கழுவினேன், துடைத்தேன், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தேன். போன வருடம் தை மாதம் எங்கள் தீவுக்கு, மடத்துவெளிக்குத் திரும்பியபோது மகள் என்னை "அன்ரி" என்றாள். அவளுக்குச் சோறு குழைத்து ஊட்டப் போனேன். மாமி சோற்றுக் கோப்பையைப் பறித்தார்.

"கண்டவளுக்குக் கழுவின கை. அந்தக் கையாலை என்ரை பேத்திக்குத் தீத்தாதை. வெளியிலை போ!"

அக்கா வீட்டில் ஒதுங்கினேன். மகள் வரமாட்டேன் என்றுவிட்டாள். தோட்ட வேலைக்குக்கூட ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. திரும்பவும் போகலாமென்று பாஸ்போட்டை எடுத்துவைத்தேன். போனால் பிள்ளை எனக்கில்லை, அது நிச்சயம்.

ஆடி வெள்ளியன்று படகேறி நயினாதீவு அம்மாள் கோயிலுக்குப் போனேன். அம்மாள் முன் விழுந்து அழுதேன். "தாயே, எனக்குத் தெரிஞ்ச வேலையை இஞ்சையே தா. அந்த மனுசியின்ரை வாயையும் அடைச்சுவிடு."

மூன்றாம் நாள் மாமி கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம். ஒரு பக்கம் போனது. பேச்சும் போனது.

சம்பளத்துக்குப் பராமரிக்க வந்த இரண்டு பெண்களும் நாற்றம் தாங்காமல் ஓடினார்கள். கனடாவிலிருந்து மாமியின் மகள் அழைத்தாள். "மச்சாள், ஒருத்தரும் நிக்கினமில்லை. உங்களுக்குத்தானே பழக்கம். சம்பளம் நான் அனுப்புறன்."

போனேன். சந்தோஷமாகத்தான் போனேன், மறைக்கமாட்டேன். கஞ்சிக் கரண்டியை நீட்டியபோது மாமி வாயை இறுக்கிக்கொண்டார்.

"அதே கைதான் மாமி. விருப்பமெண்டால் குடியுங்கோ."

பசியில் வாய் திறந்தது. கண்ணீர் வடிந்தது. அதைத் துடைத்துவிட எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

ஆவணியில் ஒருநாள் மாமியின் முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற மகள் உள்ளே வந்து மாமியின் காலைப் பிடித்தாள்.

"அம்மா, எந்தப் பக்கம் திருப்புறது?"

நான் திரும்பி வந்தபின் அன்றுதான் முதன்முதலாக அம்மா என்றாள். மாமியைப் பிடித்துக்கொண்டே அழுதேன்.

இன்று மகள் என்னோடு இருக்கிறாள். பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில் இருக்க, இந்தத் தீவில் படுக்கையில் கிடக்கும் இன்னும் மூன்று பேரை நான்தான் பார்க்கிறேன். முகம் திருப்பியவர்களே வாசல் கேற்றடியில் நின்று கூப்பிடுகிறார்கள். பாஸ்போட் அலுமாரியில் கிடக்கிறது. அம்மாளுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

மாமிக்கு மட்டும் இன்னும் பேச்சு வரவில்லை. வெள்ளிதோறும் அதற்காக விழுந்து கும்பிடுகிறேன். அதற்குப் பதிலில்லை.

நம்பிப் போங்கள், அம்மாள் தருவாள். கேட்டதில் ஒரு சொல்லும் விடாமல் தருவாள். அதனால், கோபம் ஆறின பிறகு படகேறுங்கள்.