செவ்வாய்க்கிழமைகளில் கேட்ட குரல்கள்

அந்தப் பெண் சப்-இன்ஸ்பெக்டரை முதல்முறை பார்க்கப் போனபோது என் லேப்டாப்பில் இருபத்தாறு ஸ்லைடுகள் இருந்தன. மூன்றாவது ஸ்லைடிலேயே அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"மேடம், இதெல்லாம் இங்கிலீஷ்ல கீது. எங்ககிட்ட புகார் குடுக்க வர்றவங்களுக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் அனுப்பினா யாரும் ஏமாற மாட்டாங்க. படிக்கவே மாட்டாங்க."

நான் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிப் பாடம் எடுக்கிறேன். மோசடிச் செய்திகளைக் கண்டுபிடிக்க ஒரு ப்ரோக்ராம் எழுதி, அதைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருந்தேன். அந்த மிதப்பில், புகார்களின் நகலைக் கொடுத்தால் போதும், மற்றதை என் ப்ரோக்ராம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லத்தான் செங்கல்பட்டு சைபர் கிரைம் பிரிவுக்குப் போயிருந்தேன். அவர் கொடுக்கவில்லை. அடுத்த மாதமும் போனேன். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை போனபோது அவரே மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்திருந்தார். ஆனால் நான் கேட்டதற்கல்ல.

"காப்பி எதுவும் வெளிய போவாது. வேணும்னா இங்க வந்து உக்காருங்க. வர்றவங்க ஒத்துக்கினா அவங்க சொல்றத காதால கேளுங்க. அப்பால உங்க கம்ப்யூட்டருக்கு சொல்லிக் குடுங்க."

எனக்கு வகுப்பில்லாத நாள் செவ்வாய்க்கிழமை. அவருடைய மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். முதல் நாளே ஒன்று புரிந்தது. வந்தவர்கள் யாரும் எழுத்தைக் காட்டவில்லை. போனை நீட்டிக் குரல் பதிவைப் போட்டார்கள். 'அண்ணா', 'அக்கா' என்று உறவு சொல்லிக் கூப்பிடுகிற, சிரித்துப் பேசுகிற குரல்கள். என் ப்ரோக்ராமுக்குக் காதே கிடையாது. நான் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, கேட்டதைக் கேட்டபடி எழுத ஆரம்பித்தேன். சப்-இன்ஸ்பெக்டர் அதை எட்டிப் பார்த்தார். அன்றைக்கு எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

நான்கைந்து வாரம் போயிருக்கும். சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பி.காம். படித்தவள், ஒரு மருந்துக்கடையில் வேலை. மீன்பிடிக் குடும்பம். அவளுடைய தம்பி இரண்டு மாதத்துக்கு முன்னால் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று விமானம் ஏறியிருந்தான். முதல் வாரம் தினமும் பேசினான். பிறகு குறைந்தது. கடைசியாக அவனிடமிருந்து இரண்டே சொல்லில் ஒரு செய்தி: 'நீ வராத'. அடுத்த நிமிஷமே அதை அழித்துவிட்டான். அதற்குள் அவள் அதைப் படம் பிடித்து வைத்திருந்தாள்.

"நான் எங்க போறேன்னு சொன்னேன் மேடம், என்னை வராதன்றான்? ஒண்ணுமே புரியல. மூணு நாள் கழிச்சு எனக்கே இது வந்துச்சு" என்று ஒரு குரல் பதிவைப் போட்டாள்.

ஒரு பெண் குரல். அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருப்பதாகவும் மூன்று வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை நேர்முகத் தேர்வு என்றும் சொன்னது. கடைசியில், "ஒரிஜினல் சர்ட்டிபிகேட், பாஸ்போர்ட் எல்லாம் ஈரம் படாம ஒரு கவர்ல போட்டு எடுத்துனு வாங்கக்கா" என்றது.

சப்-இன்ஸ்பெக்டர் முகம் மாறிவிட்டது. "அங்க போய் எறங்கினதும் பாஸ்போர்ட்ட புடுங்கிப்பானுங்க. ஒரு ரூம்ல உக்கார வெச்சி நம்ம ஊர் ஜனங்களுக்கே போன் போட்டு ஏமாத்தச் சொல்லுவானுங்க. முடியாதுன்னா அடி. உன் தம்பி போன்லேர்ந்துதான் உன் நம்பர எடுத்துகினு கீறானுங்க."

அந்தப் பெண் அழவில்லை. "அப்ப அவன் உயிரோட கீறான் இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'ஈரம் படாம.' கருங்குழியிலிருந்து வந்த ஒருவரின் போனில் இதைக் கேட்டு எழுதியிருந்தேன். சிங்கப்பெருமாள் கோயிலில் அறை எடுத்துத் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு டிப்ளமோக்காரரின் போனிலும். மூன்றும் வேறு வேறு கம்பெனிப் பெயர், வேறு வேறு குரல். வெயில் கொளுத்துகிற மாசத்தில் மூன்று பேரும் ஏன் ஈரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மூன்று பக்கத்தையும் இரண்டு முறை படித்தார்.

"ஒரே ஒரு வார்த்தைய வெச்சினு கோர்ட்டுக்குப் போவ முடியாது மேடம்" என்றார். எழுந்து பீரோவைத் திறந்தார். "ஆனா ஃபைல தேடலாம்."

அடுத்த பத்து நாள் நான் கல்லூரிக்கு லீவு போட்டேன். தனித்தனிப் புகார்களாகக் கிடந்தவற்றின் குரல் பதிவுகளை அவர் போடப் போட, அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பெயர்களையும் நம்பர்களையும் எடுத்துவிட்டு வாக்கியங்களை மட்டும், மூச்சு விடும் இடங்களைக் குறித்து, ப்ரோக்ராமுக்குக் கொடுத்தேன். எங்கே மூச்சு விடுகிறார்கள், எந்த வரிக்குப் பிறகு எந்த வரி வருகிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். அவற்றில் பத்துப் பதிவுகள் ஒரே தாளைப் பார்த்துப் படித்தவை என்று அது சொன்னது. நான் குதிக்காத குறை.

சப்-இன்ஸ்பெக்டர் பத்தையும் மறுபடி கேட்டார். ஏழாவதில் நிறுத்தினார்.

"இது அவங்க இல்ல."

"எண்பது சதவீதம் பொருந்துது மேடம்."

"பின்னாடி மிக்சி ஓடுது பாருங்க. நடுவுல குழந்தை சிணுங்குது. இந்தப் பொண்ணு வூட்லேர்ந்து பேசுது. மத்த ஒம்போதும் மூடின ரூமு."

விசாரித்ததில் அது ஒரு நிஜமான வேலைவாய்ப்பு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே போன் பேசும் ஒரு தாய். என் எண்பது சதவீதத்தை நம்பியிருந்தால் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றிருக்கும். மறுநாள் ப்ரோக்ராமில் பின்னணிச் சத்தத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கினேன்.

நேர்முகத் தேர்வு எங்கே என்று அந்தக் கும்பல் முன்கூட்டிச் சொல்லவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் பழைய புகார்களை அடுக்கிப் பார்த்துவிட்டு, "மாமல்லபுரம்தான்" என்றார். "ஞாயித்துக்கிழமை அங்க புது மூஞ்சிய யார் திரும்பிப் பாக்கப் போறாங்க?"

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே சாதாரண உடையில் அவருடைய ஆட்கள் கடற்கரைக் கூட்டத்தோடு கலந்திருந்தார்கள். எட்டரைக்குச் சதுரங்கப்பட்டினத்துப் பெண்ணின் போனுக்கு இடம் வந்தது. மாமல்லபுரமேதான், சிற்பக் கடைகள் இருக்கும் தெருவில் ஒரு லாட்ஜின் மேல்மாடி ஹால். சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், அவ்வளவுதான்.

அந்தப் பெண் உள்ளே போக வேண்டியதில்லை என்று அவளிடம் பலமுறை சொல்லியிருந்தோம். "என் தம்பி போன எடம் மேடம். நான் போறேன்" என்றுவிட்டாள். பாஸ்போர்ட்டுகளை அவர்கள் வாங்க ஆரம்பித்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், அவ்வளவே ஏற்பாடு. நாங்கள் எதிரே ஒரு சிற்பக் கடையில் பிள்ளையார் விலை கேட்பதுபோல நின்றோம். உளிச் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காதோ என்று நான் சப்-இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரை வெளிச்சமானது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பாதித் தெருவைத் தாண்டியிருந்தார்.

நான் மாடி ஏறியபோது இரண்டு ஆட்களைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு தோள்பையில் பாஸ்போர்ட்டுகள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினாலு பேர். அவர்களுடைய கோபம் எங்கள்மேல்தான்.

"எட்டு மாசமா வேலையில்லாம கீறேன். இப்பதான் ஒண்ணு வந்துச்சு, அத்தையும் கெடுக்கறீங்களே, நீங்க குடுப்பீங்களா வேலை?" என்று ஒருவர் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "போடுங்க மேடம்" என்றார்.

நான்கு கம்பெனிகளின் நான்கு குரல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தேன். அதைப் போட்டேன். அதே நலம் விசாரிப்பு, அதே சிரிப்பு, அதே ஈரம் படாத கவர். மூன்றாவது குரல் முடியும்போதே மடியில் கவரை வைத்திருந்தவர்கள் குனிந்து அதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது சதுரங்கப்பட்டினத்துப் பெண் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தக் குரல நம்பித்தான் என் தம்பி போனான். இது அவன் அனுப்புனது. படிங்க." போனை ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராகக் காட்டிக்கொண்டே போனாள்.

நாற்காலியை உதைத்தவர் அதைப் படித்தார். உதைத்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பிறகு சப்-இன்ஸ்பெக்டரிடம் போய், "என் பாஸ்போர்ட்ட குடுங்க மேடம், நான் வூட்டுக்குப் போறேன்" என்றார். எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியதை வாங்கிக்கொண்டு பதினாலு பேரையும் அனுப்பி வைத்தார்கள். பதினாலு பேர் படியிறங்கி வெயிலுக்குள் போனதை நான் ஜன்னலில் நின்று ஒவ்வொருவராக எண்ணினேன். எந்த மாநாட்டுக் கைதட்டலும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

பிடிபட்ட லேப்டாப்பில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. ஏற்கெனவே அனுப்பப்பட்டவர்களின் பட்டியலும், அவர்கள் அடைக்கப்பட்டிருந்த கட்டடத்தின் முகவரியும் இருந்தன. அந்த விவரம் நம் தூதரகத்துக்குப் போனது. பிறகு காத்திருப்பு. சில வாரங்கள் கழித்து, ஒரு மத்தியானம், வகுப்பு நடுவில் சப்-இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

"மேடம், ஏர்போர்ட்ல கீறேன். தம்பி வந்துகினு கீறான். அவன் மட்டும் இல்ல, கூட இன்னும் ஆறு பேரு."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மாணவர்கள் என்ன நினைத்தார்களோ.

அடுத்த வாரம் சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தம்பி மெலிந்திருந்தான். யாராவது குரலை உயர்த்தினால் தோள் குறுகியது. இலையில் சோறு விழுந்த பிறகுதான் பேசினான்.

"அங்க அவனுங்க படிக்கக் குடுத்த தாளு மொத்தம் பதினொண்ணு மேடம். மின்சார ஆபீஸ்லேர்ந்து பேசற மாதிரி ஒண்ணு, பேங்க் மாதிரி ஒண்ணு, போலீஸ் மாதிரி ஒண்ணு. எல்லாம் மனப்பாடம். இப்பவே சொல்லட்டுங்களா?"

என் கை தானாகப் பைக்குள் நோட்டைத் தேடியது. சப்-இன்ஸ்பெக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"சொல்லு, எல்லாத்தையும் சொல்லு. மேடம் ஒண்ணு விடாம எழுதிப்பாங்க" என்றார் அவனிடம். அப்புறம் அவன் அம்மாவைப் பார்த்து, "மொதல்ல புள்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு மீன் போடுங்கம்மா" என்றார்.