அண்ணியின் இனிஷியல்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது சீர் வண்டியில் பீரோ, கட்டில், கிரைண்டரோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்து இறங்கியது. மானிட்டரின் நெற்றியில் யாரோ மஞ்சள் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அப்போதுதான் ஒவ்வொன்றாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த எங்கள் தெருவுக்கு அது ஓர் அதிசயம். பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "எங்க மருமவ எம்.சி.ஏ. படிச்சவ" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். வருகிறவர்கள் கண்ணில் படும்படி அதைக் கூடத்தில் வைத்து, பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டு மூடினார்கள். மூடி வைப்பதற்காகத்தான் அது வந்தது என்று எங்கள் வீட்டார் நினைத்திருக்க வேண்டும். அண்ணி அந்த உறையை எடுத்துவிட்டு உட்கார்ந்த நாளில் எல்லாம் ஆரம்பித்தது. இதை எழுத உட்கார்ந்ததுமே எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும். ஆறாத கோபத்தை ஆறிவிட்டதுபோல எழுத எனக்குத் தெரியாது.

ஏதோ ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில்தான் அண்ணிக்கு அந்த இயங்குதளம் அறிமுகமானது. கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள் அது. ஆனால் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம், குறை இருந்தால் திருத்தி அனுப்பலாம். அண்ணி திறந்து பார்த்தாள். மத்தியானம் சாப்பாடு முடிந்து அம்மா படுத்ததும் டெலிபோன் ஒயரைப் பிடுங்கி மோடத்தில் சொருகுவாள். அது கீச்சுக் கீச்சென்று கத்தி இணைப்புக் கிடைக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா விழித்துக்கொள்ளக் கூடாது என்று மோடத்தின்மேல் தலையணையை வைத்து அழுத்தியதுகூட உண்டு. நான் அப்போது ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தேன். அரை நாள் பள்ளியாக இருந்தால் வீட்டுக்கு ஓடிவந்து அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்வேன். கல்யாண வயதில் இருந்த என்னை அவள் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் பிடித்துக்கொண்ட வேலை எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒன்று. புது மென்பொருளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பாதியில் கரண்ட் போய்விட்டால் அந்த இயங்குதளம் குழம்பிப்போய்விடும். மறுபடி போட்டால், ஆங்கிலத்தில் மிரட்டலாக ஏதேதோ கேள்வி கேட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். பதில் தெரியாதவன் கம்ப்யூட்டரே போய்விட்டது என்று தலையில் கை வைத்துக்கொள்வான். நின்ற இடத்திலிருந்து, யாரையும் எதுவும் கேட்காமல், தானே சரிசெய்துகொண்டு கிளம்பும்படி அண்ணி எழுதினாள். அனுப்பியதும் குழுவில் ஒருவர், ஒரு யுபிஎஸ் வாங்கிக்கொள்ளலாமே, இதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டிருந்தார். "எங்கள் ஊரில் ஓர் அணில் நினைத்தால் தெருவுக்கே கரண்ட் இருக்காது. அது திரும்பி வருவதற்குள் யுபிஎஸ்ஸும் செத்துவிடும்" என்று இவள் பதில் போட்டாள். அதைப் படித்துவிட்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் எழுதினார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றார்கள். ஒருவர், அங்கே அணில் இல்லை, குரங்கு என்றார். அன்றைக்கு அண்ணி சிரித்த சிரிப்பில் அம்மா எழுந்து வந்துவிட்டாள். "இன்னாத்துக்குமா இந்தச் சிரிப்பு? சம்பளமா ஏத்தினான்?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவள் எழுதியதை அவளே அந்த இயங்குதளத்தின் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க முடியாது. அதற்கு முழு உறுப்பினராக வேண்டும். அதுவரை ஐரோப்பாவில் இருந்த ஓர் உறுப்பினர் பார்த்துச் சேர்த்துவிடுவார். மனம் இருந்தால் உடனே சேர்ப்பார்; இல்லாவிட்டால் வாரக்கணக்கில் கிடக்கும். உறுப்பினராவதற்கு வைத்த கேள்விகளுக்கெல்லாம் அண்ணி ஈமெயிலிலேயே பதில் எழுதித் தேறிவிட்டாள். கடைசியாக ஒரு சடங்கு பாக்கி இருந்தது. ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டரில் உண்டாக்கிய ஒரு மின்சாவி உண்டு, அதில் அவர் பெயர் பதிந்திருக்கும். ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் ஆளை நேரில் பார்த்து, அரசாங்கம் கொடுத்த அட்டையில் இருக்கும் முகமும் பெயரும் இவருடையவைதான் என்று கண்டு, அந்தச் சாவிக்குத் தன் உறுதியைத் தர வேண்டும். முகம் தெரியாதவர்கள் சேர்ந்து செய்யும் வேலையில் கள்ளன் புகுந்துவிடாமல் இருக்க வைத்த விதி. அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

சிக்கல் அட்டையில் இருந்தது. அண்ணியின் மின்சாவியில் அவள் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். படித்ததும் பட்டம் வாங்கியதும் அந்தப் பெயரில்தான். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே என் அண்ணன் அவளை வாக்காளர் பட்டியலில் எங்கள் முகவரிக்கு மாற்றி, அப்பா எழுத்தை எடுத்துவிட்டுத் தன் எழுத்தைப் போட்டுப் புகைப்பட அட்டை வாங்கிவந்து கையில் கொடுத்தான். அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவுமில்லை. ஏதோ பரிசு கொடுப்பதுபோலத்தான் கொடுத்தான். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்பார்கள். நடக்கிறது என்பதால் அது நியாயமாகிவிடுமா?

அந்தச் சமயத்தில்தான் ஓர் ஈமெயில் வந்தது. அந்தக் குழுவில் பழைய உறுப்பினர் ஒருவர், வெளிநாட்டுக்காரர், திருவண்ணாமலையில் வந்து தங்கித் தியானம் செய்யப்போகிறாராம். இன்னும் ஆறேழு மாதத்தில் வருகிறேன், உன்னை நேரில் பார்த்து உறுதி தருகிறேன் என்று எழுதியிருந்தார். அடுத்த பெரிய பதிப்பும் அதை ஒட்டியே வெளிவருவதாக இருந்தது. அதற்குள் அண்ணி உறுப்பினராகிவிட்டால் கரண்ட் போனால் சமாளிக்கும் அந்தப் பகுதி அவள் பொறுப்பில் இருக்கும். ஆகாவிட்டால் உறுப்பினராக இருக்கும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காத ஆள், ஆசிரமம் இருக்கும் செங்கம் ரோட்டுக்கே வருகிறார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, நம்ம வீட்டு வாசலுக்கே வராங்க பாரு" என்றாள். பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் போதும், அதில் அப்பா இனிஷியலோடு சர்டிபிகேட்டில் இருக்கிற பெயரையே போட்டுக்கொள்ளலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தும் வைத்துவிட்டாள்.

அதை வாங்கிக்கொள்ளும் இடம் என் அண்ணன் வேலை பார்த்த கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள் அண்ணி. அண்ணன் பதறிவிட்டான். "நீ எதுக்கு அலையணும்? அங்க எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்க. நீ வந்து க்யூல நின்னா என்னைப் பத்தி இன்னா நினைப்பாங்க? குடு, நான் பாத்துக்கறேன்." அவ்வளவு கரிசனத்தோடு சொன்னான். விண்ணப்பத்தை வாங்கித் தன் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டான்.

அங்கேயே அது கிடந்தது. வாரம் ஒருமுறை அண்ணி கேட்பாள், "என்னாங்க, குடுத்துட்டீங்களா?" என்று. "ஆடிட்டு நடக்குது, முடியட்டும்" என்பான். ஆடிட்டு முடிந்தால் விண்ணப்பம் வாங்குகிற ஆள் லீவு. அவர் திரும்பி வந்தால் தேர்தல் வேலை. அப்புறம் கார்த்திகை தீபம் வந்துவிட்டது. தீப டூட்டி என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. அண்ணன் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. ஒரு நாள்கூட எரிந்து விழுந்ததில்லை. "மறப்பனா? என் பொண்டாட்டி வேலையாச்சே" என்று சிரித்துக்கொண்டே வெற்றிலையை மடிப்பான். நான்தான் கத்தினேன். "ண்ணா, ரெண்டு ரூம் தள்ளிப் போய்க் குடுக்க உனக்கு எத்தினி மாசம் வேணும்?" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டேன். உன் வயசுக்கு இந்த வாய் ஜாஸ்தி என்று அம்மா என்னைத்தான் அடக்கினாள். நாமே பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று அண்ணியிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு நாள் பாப்போம் பாப்பா" என்றாள்.

அந்த வெளிநாட்டுக்காரர் வந்தார். தனியாகப் போகக் கூடாது என்று அம்மா என்னையும் துணைக்கு அனுப்பினாள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஓலைக் கூரை போட்ட ஒரு காபிக் கடை. வெள்ளை வேட்டியும் கழுத்தில் ருத்திராட்சமுமாக, நல்ல உயரம். எழுந்து நின்று கும்பிட்டார். முதலில் தன் பாஸ்போர்ட்டை எடுத்து அண்ணியிடம் காட்டினார். அதுதான் அவர்கள் வழக்கமாம். பிறகு இருவரும் அவரவர் மின்சாவியின் நீண்ட அடையாள எண்ணைச் சொல்லிச் சரிபார்த்தார்கள். அவர் சீட்டைப் பார்த்துப் படித்தார். அண்ணி பார்க்காமலே ஒப்பித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களையை நான் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. அப்புறம் அவர் அட்டையைக் கேட்டார். வேறு வழியில்லாமல் அந்த வாக்காளர் அட்டையைத்தான் கொடுத்தாள்.

வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது வேறு பெயர் அல்லவா என்று கேட்டார். கல்யாணமானால் எங்கள் ஊரில் அப்பாவின் எழுத்து போய்ப் புருஷன் எழுத்து வந்துவிடும் என்று அண்ணி ஆங்கிலத்தில் விளக்கினாள். அப்படியென்றால் இதில் எது நீ என்று கேட்டார். நான் யார் என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ள விமானம் ஏறி வந்தவருக்கு, எதிரில் உட்கார்ந்திருக்கிறவள் யார் என்று தெரியவில்லை. அட்டையில் இல்லாத பெயருக்கு நான் உறுதி தர முடியாது, ஆனால் இதற்குச் சுலபமான வழி இருக்கிறது என்றார். அட்டையில் உள்ள பெயரை மின்சாவியில் சேர்த்துவிடு, சில நிமிஷ வேலை, அந்தப் பெயரில் நீ உறுப்பினராகிவிடலாம் என்றார்.

அண்ணி அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எலுமிச்சை டீ ஆறிப்போயிற்று. சேர்த்துவிடு அண்ணி, எப்படியாவது கிடைத்தால் போதும் என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவள் என் பக்கம் திரும்பித் தமிழில்தான் சொன்னாள்: "இதுல ஒரு வரிகூட உங்க அண்ணன் எழுதலையே பாப்பா." அப்புறம் அவரிடம், வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் மலையைப் பார்த்துப் புன்னகை செய்தார். பெயர்மீது இத்தனை பற்று எதற்கு, பெயரெல்லாம் கழற்றிப் போட வேண்டிய சட்டைதானே என்றார். எனக்கு எங்கிருந்து ஆங்கிலம் வந்ததோ தெரியாது. நீங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது எந்தச் சட்டையைக் கழற்றினீர்கள் என்று கேட்டுவிட்டேன். அதற்கும் சிரித்தார். அன்று பௌர்ணமி. அவர் கிரிவலம் போகக் கிளம்பிவிட்டார். நாங்கள் அந்தக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் பஸ் ஸ்டாண்டுவரைக்கும் நடந்தோம்.

புதுப் பதிப்பு வெளிவருவதற்கு முன்னால் அந்தப் பகுதியை ஏதோ ஒரு குளிர்நாட்டில் இருந்தவருக்குக் கொடுத்தார்கள். கேட்ட விவரத்தையெல்லாம் அண்ணி குறைவில்லாமல் எழுதி அனுப்பினாள். அதற்கடுத்த பதிப்பில் அவர், அவ்வளவாகப் பயன்படாதது என்று ஒரு வரி எழுதிவிட்டு அவள் எழுதியதில் பெரும்பாலானதை நீக்கிவிட்டார். அவர் ஊரில் அணிலுக்கு அவ்வளவு துணிச்சல் இல்லைபோலும். செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர் ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். "புதுசு போட்டங்க. கரண்ட் போயிட்டு வந்தா பழையபடி கேள்வி கேட்டுக்கினு நிக்குது. என்னாங்க பண்றது?" என்றார். பழசையே போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டு அண்ணி உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். பாஸ்போர்ட்டா? அதுவும் வந்தது. அந்த வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போனபிறகு, ஒரே நாளில் எல்லா வேலையையும் முடித்து விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டான் என் அண்ணன். அவள் அப்பா இனிஷியலோடு பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் இனிப்பு வாங்கிவந்தான். "சொன்ன மாதிரி எடுத்துக் குடுத்துட்டன் பாத்தியா?" என்றான். அம்மாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

திட்டியிருந்தால் திட்டினான் என்று நாலு பேரிடம் சொல்லலாம். அடித்திருந்தால் அண்ணியின் அண்ணன் தம்பிகள் வந்து சட்டையைப் பிடித்திருப்பார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவனை எந்த ஊரில் யார் வந்து கேட்பார்கள்? என் கூடப் பிறந்தவன் என்பதால் இன்னும் எரிகிறது. இன்றைக்கு அண்ணி ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள்; எழுதுவதில்லை. அண்ணனுக்கு ரிட்டயர்மென்ட் ஆகிவிட்டது. போன பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தோம். புதிதாகக் கல்யாணமான எங்கள் சித்தப்பா மகனுக்கு அண்ணன் குடும்பம் நடத்தும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். "பொம்பளைங்களுக்கு சுதந்திரம் குடுக்கணும்டா. இவ கம்ப்யூட்டர்ல இன்னா இன்னாவோ பண்ணிட்டிருந்தா. நான் ஒரு நாளாவது வேணாம்னு சொல்லியிருக்கனா? நீயே கேளு." எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல, சொன்னதே இல்ல" என்றாள். "வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, மீறிக்கிட்டாவது போயிருப்பேன்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டான். யாரும் எழுந்திருக்கவில்லை.